குறையைக் கேட்கும் உரிமை யாருக்கு?

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் மனப்பாடம் செய்யும் விடைகளில் ஒன்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. எழுத்துத் தேர்வும் தொழில்நுட்பச் சுற்றும் முடிந்து ஹெச்.ஆர். சுற்றில் வந்து உட்கார்ந்ததும், 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்', 'ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்' என்ற கேள்விகளோடு சேர்ந்தே வருகிறது 'உங்கள் பலவீனம் என்ன?' என்ற கேள்வி. பயிற்சி வகுப்புகளில் இதற்குச் சொல்லித்தரும் விடையும் ஏறக்குறைய ஒன்றேதான்: 'நான் ஒரு பெர்ஃபெக்‌ஷனிஸ்ட். எடுத்த வேலையில் சின்னப் பிசிறு இருந்தாலும் விடமாட்டேன். அதனால் சில சமயம் நேரமாகிவிடும்.' குறையைக் கேட்டால் குறையின் பெயரில் ஒரு நிறையைச் சொல்ல வேண்டும் என்பது பாடம். எந்த விடை வேலை வாங்கித் தரும், எந்த விடை கெடுக்கும் என்று சாமர்த்தியத்தின் கணக்கிலேயே இதைப் பேசுகிறோம். எனக்கு இது அறத்தின் கேள்வியாகப் படுகிறது. முன்பின் தெரியாத ஒருவர், நம் பிழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு நம் குறையைச் சொல்லச் சொல்கிறார். அவருக்கு நாம் எவ்வளவு உண்மை சொல்லக் கடமைப்பட்டவர்கள்? பொய்யின் எல்லை பற்றியும், குற்றத்தை ஒப்புக்கொள்வது பற்றியும் சமயங்கள் பல நூற்றாண்டுகளாக யோசித்து வைத்திருக்கின்றன. அவற்றை வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது: அந்த அறையில் பொய் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் நெஞ்சைத் திறந்து கொட்டும் கடமையும் இல்லை. நம் குறையின் பாரம் யார் தலையில் விழுமோ, அவருக்குரிய உண்மையை மட்டும் சொல்லியாக வேண்டும். கேட்பவருக்கு உள்ள கடமை இதைவிடப் பெரியது.

முதலில், மனப்பாடம் செய்த அந்த விடை பொய்தானா என்று பார்க்க வேண்டும். இது ஏதோ ஒரு சிலர் செய்வதில்லை. அமெரிக்காவில் ஜூலியா லெவாஷினாவும் மைக்கேல் கேம்பியனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வேலை தேடிய கல்லூரி மாணவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் நேர்முகத் தேர்வில் ஏதோ ஒரு வகையில் தங்களைப் போலியாகக் காட்டிக்கொண்டதாகத் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். அப்பட்டமான பொய்யை நெருங்கும் செயல்களைச் செய்ததாகச் சொன்னவர்கள் அதைவிடக் குறைவு. பெரும்பாலோர் செய்தது பூச்சு வேலை: இருப்பதைக் கூட்டிச் சொல்வது, வேண்டாததை விட்டுவிடுவது, கேட்பவருக்குப் பிடித்த மாதிரி வளைத்துப் பேசுவது. 'பொய் சொல்லவில்லையே, கொஞ்சம் அழகுபடுத்தினேன்' என்ற சமாதானம் இங்கிருந்துதான் பிறக்கிறது. தன் வேலையில் பிசிறு பிடிக்காத ஒருவர் தன்னைப் பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் என்று சொல்வதில், சொல்லளவில் பொய் இல்லை என்பதும் உண்மைதான்.

சொல்லளவில் பொய் இல்லாத பொய்யை நாம் மகாபாரதத்திலிருந்தே அறிவோம். துரோணர் வில்லைக் கீழே வைக்க வேண்டும் என்பதற்காக, அசுவத்தாமன் என்ற பெயருள்ள யானை ஒன்றைப் பீமன் முதலில் கொன்றுவிடுகிறான். பிறகு தருமன் 'அசுவத்தாமன் இறந்தான்' என்று உரக்கச் சொல்லி, 'யானை' என்பதை மட்டும் காதில் விழாதபடி மெல்லச் சொல்கிறான். வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் பிழையே இல்லை. இருந்தும் அதுவரை நான்கு விரற்கடை நிலத்துக்கு மேலே நின்ற அவன் தேர் தரையில் இறங்கியது என்கிறது துரோண பருவம். கடைசிப் பருவத்தில் தருமன் சிறிது நேரம் நரகத்தைப் பார்க்க நேர்ந்ததும் இந்த வஞ்சனையால்தான் என்று இந்திரன் சொல்கிறான். காவியம் வாக்கியத்தின் இலக்கணத்தைப் பார்க்கவில்லை; கேட்டவர் மனதில் எதை விதைக்க நினைத்துச் சொன்னான் என்பதைப் பார்த்தது. ஐரோப்பாவிலும் இதே வழக்கு நடந்தது. வெளியே பாதி வாக்கியத்தைச் சொல்லி, மீதியை மனசுக்குள் முடித்துக்கொண்டால் பொய்யாகாது என்று பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் கத்தோலிக்க அறநூலார் சிலர் வாதிட்டார்கள். பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கல் 1656-57-இல் எழுதிய கடிதங்களில் இந்த வாதத்தைக் கடுமையாகத் தாக்கினார். 1679-இல் போப் பதினோராம் இன்னசென்ட் இதைத் தவறான போதனை என்றே அறிவித்தார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மரபுகள் ஒரே தீர்ப்புக்கு வருகின்றன: உண்மையான சொற்களைக் கொண்டு பொய்யான எண்ணத்தை உண்டாக்கினால் அதுவும் பொய்தான். தன் உண்மையான குறை என்னவென்று தெரிந்தும் அதை மறைப்பதற்காகவே இன்னொன்றைக் குறை என்று முன்னால் வைப்பவர், தருமன் செய்ததைத்தான் செய்கிறார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இது எல்லாருக்கும் தெரிந்த ஆட்டம், இதில் யாரும் ஏமாறுவதில்லை என்பது அது. ஆல்பர்ட் கார் என்பவர் 1968-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் இந்த வாதத்தைத் தெளிவாக எழுதினார். போக்கர் சீட்டாட்டத்தில் கையிலுள்ள சீட்டை மறைத்து மிரட்டுவதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. வியாபாரமும் அதுபோல் தனி விதிகள் கொண்ட ஆட்டம், வீட்டு வாழ்க்கையின் அறத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது என்றார். கேள்வி கேட்கும் ஹெச்.ஆர். அலுவலரும் தான் வேலைக்குச் சேர்ந்தபோது இதே விடையைச் சொன்னவராக இருக்கலாம். இருவருக்கும் தெரிந்த நாடகத்தில் ஏமாற்று எங்கே வந்தது?

இந்த வாதம் இரண்டு இடங்களில் உடைகிறது. விடையை யாருமே நம்பவில்லை என்றால் அதைச் சொல்வதால் யாருக்கும் பயன் இருக்க முடியாது. ஒரு பங்காவது நம்பப்படும் என்ற எதிர்பார்ப்பில்தான் அதைச் சொல்கிறோம். நம்பினால்தான் பலன் என்ற ஒன்றை, யாரும் நம்புவதில்லை என்று சொல்லி நியாயப்படுத்த முடியாது. இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. சீட்டாட்டத்தில் உட்காரும் எல்லாருக்கும் விதிகள் தெரியும். நேர்முகத் தேர்வு அறைக்கு வரும் எல்லாருக்கும் அப்படித் தெரியாது. அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போய்ப் படிக்கவைத்த முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர், தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, நகரத்துக்கு வந்து பட்டம் வாங்கியவர், அந்தக் கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறார். பெரியவர் கேட்கிறார், உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, 'சார், எனக்கு இங்கிலீஷ்ல பேசும்போது பதட்டமாயிடும்' என்று சொல்லிவிடுகிறார். வீட்டில் அண்ணனோ அத்தையோ நிறுவனத்தில் வேலை பார்ப்பவராக இருந்து, முதல் நாள் இரவே உட்காரவைத்து ஒத்திகை பார்த்தவர் சொல்லும் விடை வேறு. இங்கே ஆட்டம் என்று சொல்வது, விதி தெரியாதவரிடமிருந்து விதி தெரிந்தவர் எடுத்துக்கொள்வதற்கு ஒரு பெயர். பொய் கேட்பவரை மட்டும் ஏமாற்றுவதில்லை. பக்கத்து நாற்காலியில் தன் முறைக்காகக் காத்திருக்கும் உண்மையானவரையும் ஏமாற்றுகிறது. இதை மறந்துவிட்டுத்தான் நாம் சாமர்த்தியத்தைப் பாராட்டுகிறோம்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. இதைப் புரிந்துகொள்ள, சமயங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் இடத்தை எப்படி அமைத்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், ஒவ்வொரு கத்தோலிக்கரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. அதே விதியில் குருவுக்கும் ஒரு தண்டனை இருந்தது. கேட்ட பாவத்தை வெளியே சொல்லும் குரு பதவியிழந்து, வாழ்நாள் முழுக்க ஏதாவது ஒரு மடத்தில் அடைந்து கிடந்து தவம் செய்ய வேண்டும். சொல்பவருக்குக் கடமை, கேட்பவருக்கு அதைவிடக் கடுமையான கடமை. பௌத்த பிக்குகள் பதினைந்து நாளைக்கு ஒரு முறை கூடிப் பாதிமோக்க விதிகளை ஓதும்போது, விதி மீறியவர் அதை ஒப்புக்கொள்கிறார். சுற்றி இருப்பவர்கள் அதே விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். அடுத்த பதினைந்து நாளில் அவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கலாம். யூதர்கள் யோம் கிப்பூர் நாளில் எழுத்து வரிசையில் பாவங்களை அடுக்கிச் சொல்லும் பிரார்த்தனையில் 'நான்' இல்லை, 'நாங்கள்' என்றே வருகிறது. இவை ஒவ்வொன்றிலும் கேட்பவரிடம் ஏதோ ஒன்று இருக்கிறது. மன்னிக்கும் அதிகாரம், அல்லது வெளியே சொல்லாத உறுதி, அல்லது தானும் அதே பாவியாக இருக்கும் பொதுமை. ஒப்புக்கொள்பவர் அந்த இடத்தை விட்டு எழும்போது, வந்ததைவிட இலகுவாக எழ வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

நேர்முகத் தேர்வு அறையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கேட்பவர் மன்னிக்கப்போவதில்லை, மதிப்பெண் போடப்போகிறார். சொன்னது ஒரு படிவத்தில் ஏறும். யார் யார் படிப்பார்கள் என்று சொன்னவருக்குத் தெரியாது. கேட்பவர் தன் குறையைச் சொல்லப்போவதுமில்லை. புனித அகஸ்டீன் தம் வாழ்வின் குற்றங்களை எல்லாம் எழுதி வைத்த 'கன்ஃபெஷன்ஸ்' நூலின் பத்தாம் பகுதியில், என் நோய்களைக் குணமாக்க முடியாத மனிதர்கள் என் ஒப்புதலை ஏன் கேட்க வேண்டும் என்ற பொருளில் ஓர் இடத்தில் தம்மையே கேட்டுக்கொள்கிறார். கடவுள் முன் எதையும் ஒளிக்காதவரே மனிதர் முன் அப்படித் தயங்குகிறார். அப்பரும் மாணிக்கவாசகரும் தம்மை எவ்வளவோ தாழ்த்திப் பாடியிருக்கிறார்கள். அந்தத் தாழ்மை இறைவன் முன் சொன்னது. வேறு யாரும் அதை வைத்து அவர்களை எடைபோட்டு வேலை தரவோ மறுக்கவோ போவதில்லை. நபிமொழியில், இரவில் செய்த பாவத்தை இறைவன் மறைத்திருக்கும்போது, மறுநாள் காலை தானே ஊரெல்லாம் சொல்லித் திரிபவர் கண்டிக்கப்படுகிறார். மறைக்க வேண்டியதை மறைப்பதும் அங்கே பக்தியின் ஒரு பகுதி. ஆகவே, எனக்குக் கோபம் அதிகம், தந்தையோடு பேசி வருடங்கள் ஆகின்றன, இரவில் தூக்கம் வருவதில்லை என்பதையெல்லாம் அந்த அறையில் சொல்ல வேண்டும் என்று எந்த அறமும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது பொய்யுமில்லை.

இந்தக் கோட்டைத் துல்லியமாகப் போட்டவர் ஜெர்மன் தத்துவஞானி கான்ட் என்று நினைக்கிறேன். பொய்யை எந்தச் சூழ்நிலையிலும் ஏற்காதவர் என்று பேர்போனவர் அவர். ஆனால் 1766-இல் மோசஸ் மெண்டல்சோனுக்கு எழுதிய கடிதத்தில், தாம் உறுதியாக நம்பும் பலவற்றைச் சொல்லும் துணிவு தமக்கு வராமலே போகலாம் என்றும், நம்பாத ஒன்றைத் தாம் ஒருபோதும் சொல்லமாட்டார் என்றும் எழுதினார். சொல்வது முழுக்க உண்மையாக இருக்க வேண்டும்; உண்மை முழுவதையும் சொல்ல வேண்டும் என்பதில்லை. மௌனத்துக்கு இடம் உண்டு, பொய்க்கு இடமில்லை.

இனி எதைச் சொல்லியாக வேண்டும் என்ற கேள்வி. ஒரு மருத்துவமனையில் செவிலியர் பணிக்கு வந்தவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு தயக்கம் இருக்கிறது: மருத்துவர் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை என்றால் திரும்பக் கேட்கமாட்டார். சீனியர் டாக்டர், கேட்டால் எரிந்து விழுவார் என்ற பயம். இரவுப் பணியில் தொலைபேசியில் ஒரு மருந்தளவு சொல்லப்படுகிறது. ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா? அந்தச் சத்தத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். 15 மில்லிகிராமுக்கும் 50 மில்லிகிராமுக்கும் நடுவே ஒரு நோயாளி படுத்திருக்கிறார். இதற்காகத்தான் கேட்டதை உடனே எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்துக்காட்டி, 'ஒன்று ஐந்து, பதினைந்துதானே டாக்டர்?' என்று உறுதி செய்துகொள்ளும் வழக்கத்தை மருத்துவமனைகள் வலியுறுத்துகின்றன. இந்தத் தயக்கத்தை மறைத்துவிட்டு, 'நான் அளவுக்கு மீறி உழைப்பேன், அதுதான் என் பலவீனம்' என்று அவர் சொன்னால், அந்தப் பொய்யின் விலையை நிறுவனமோ அவரோ கொடுக்கப்போவதில்லை. நேர்முகத் தேர்வு அறையிலேயே இல்லாத, அவர் பெயரைக்கூட அறியாத ஒரு நோயாளி கொடுக்கிறார். அந்த நோயாளிக்காக அந்தச் செவிலியர் உண்மை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார். 'டாக்டரிடம் திரும்பக் கேட்க எனக்குத் தயக்கம் உண்டு. அதனால் ஃபோன் ஆர்டர் எதையும் எழுதி வாசித்துக்காட்டாமல் கொடுப்பதில்லை என்று பழக்கிக்கொண்டு வருகிறேன்' என்று சொன்னால் போதும். தயக்கம் எங்கிருந்து வந்தது, சின்ன வயதில் வீட்டில் யார் அதட்டினார்கள் என்பதெல்லாம் வேண்டாம். பள்ளி வேன் ஓட்ட வருபவருக்கு இரவில் கண் மங்கினால் அது பிள்ளைகளின் விஷயம். அவர் கடன் வாங்கியிருப்பது அவர் விஷயம். எந்தக் குறையின் பாரம் இன்னொருவர் தலையில் விழுகிறதோ, அந்தக் குறை மட்டும் நம் தனிச் சொத்து இல்லை.

பசியைக் காட்டி இதை மறுக்கலாம், அந்த மறுப்பை எளிதாகத் தள்ள எனக்கு மனமில்லை. வேலை இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது என்ற நிலையில் இருப்பவரிடம் உண்மையைப் பற்றிப் பேசுவது சுலபம், கேட்பது கடினம். கான்ட்டை எதிர்த்து அவர் காலத்துச் சிந்தனையாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் எழுதியது இந்தத் திசையில்தான்: உண்மையைக் கேட்கும் உரிமை உள்ளவருக்கு மட்டுமே உண்மை கடமை. கான்ட் 1797-இல் அதற்கு எழுதிய பதில், கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்ற அளவுக்குப் போனது. அதில் நான் அவரோடு நிற்கவில்லை. வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில், பிறருக்குக் குற்றமற்ற நன்மை விளைந்தால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று இடம் கொடுக்கிறார். ஆனால் அந்த நன்மை தனக்கு வரும் நன்மை என்று அவர் சொல்லவில்லை. அடுத்த குறளிலேயே, தன் நெஞ்சு அறியப் பொய் சொன்னால் அந்த நெஞ்சே சுடும் என்கிறார். கர்ண பருவத்தில் கண்ணன் அருச்சுனனுக்குச் சொல்லும் கௌசிகன் கதை இன்னும் தெளிவானது. ஓடி ஒளிந்தவர்கள் போன வழியைக் கொள்ளையருக்கு உள்ளபடி சொல்லி, அவர்கள் சாகக் காரணமான கௌசிகன், உண்மை பேசியும் நரகம் போனான். உயிர் போகும் இடத்தில் பொய்யை இப்படி அனுமதிக்கும் அந்தப் பகுதியே, பேசாமல் இருந்து தப்ப முடிந்தால் பேசாமல் இரு என்பதைத்தான் முதலில் வைக்கிறது. பொய் அங்கே கடைசிப் புகலிடம். வேலை தேடுபவருக்கு மௌனம் என்ற வழி பெரும்பாலும் திறந்தே இருக்கிறது: ஏழெட்டுக் குறைகளில் வேலைக்குச் சம்பந்தப்பட்ட ஒன்றை அளவாகச் சொல்லி, மற்றவற்றைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். பசி ஒருவரை அதற்கு மேலும் தள்ளிவிட்டால், அவரைக் குறைசொல்ல நான் முதல் ஆளாக நிற்கமாட்டேன். அவர் செய்தது சரியென்றும் சொல்லமாட்டேன்.

உரிமையில்லாத கேள்விகள் தனி வகை. என்ன ஆளுங்க, கல்யாணம் எப்போது, குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்பவருக்கு எந்த உண்மையும் கடன் இல்லை. அவர் அந்த உண்மையைக் கொண்டு அநியாயம் செய்யப்போகிறார் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. சாதியும் தாய்மையும் குறைகளே அல்ல; கேட்பவர்தான் அவற்றைக் குறையாக்குகிறார். பலவீனம் பற்றிய பொதுவான கேள்வியை இந்த வகையில் சேர்த்துத் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

உண்மை சொன்னால் வேலை கிடைக்காமல் போகுமே என்பார்கள். ஆம், போகலாம். நல்ல நிறுவனங்கள் நேர்மையை மதிக்கும், உண்மையே கடைசியில் வெல்லும் என்று சொல்லி இளைஞர்களைத் தேற்றுவதை நான் விரும்பவில்லை. அதுவும் ஒரு பொய்யாக முடியலாம். அரிச்சந்திரன் கதையைச் சொன்னவர்கள் உண்மை மலிவாகக் கிடைக்கும் என்று சொல்லவில்லை. நாடு, மனைவி, மகன் என்று விலையை அடுக்கிக் காட்டிவிட்டுத்தான் சொன்னார்கள். நான் வேறொரு நட்டத்தைச் சுட்ட விரும்புகிறேன். இருபது வயதில் ஒரு போலிக் குறையை மனப்பாடம் செய்து, கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்து, பத்து நிறுவனங்களில் திரும்பத் திரும்பச் சொல்பவருக்கு, கொஞ்ச காலத்தில் தன் உண்மையான குறை எது என்பதே தெரியாமல் போகிறது. யாராவது சுட்டிக்காட்டினாலும் நாக்கில் அந்த விடைதான் வருகிறது. எல்லாச் சமயங்களும் தன்னைத் தான் பார்க்கும் பழக்கத்தை இளமையிலேயே ஊட்டப் பாடுபடுகின்றன. அந்தப் பார்வையை அதே வயதில் மழுங்கடிக்கும் பயிற்சியை நாம் பணம் கட்டிக் கற்கிறோம். வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். இது போனால் திரும்பப் பெறுவது கடினம்.

இவ்வளவும் விடை சொல்பவரைப் பற்றியே பேசியாகிவிட்டது. உண்மையில் பெரிய பிழை கேள்வியின் பக்கம் இருக்கிறது. திருக்குறளில் ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கென்றே தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 51-ஆவது. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கிலும் ஒருவர் எப்படி நடக்கிறார் என்று பார்த்துத் தெளியச் சொல்கிறது அது. ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல் என்கிறது. நன்கு கற்றுக் குற்றம் நீங்கியவரிடத்தில்கூட, ஆராய்ந்து பார்த்தால் அறியாமை இல்லாமல் இருப்பது அரிது என்றும் சொல்கிறது. அதனால்தான் ஒருவரிடம் உள்ள நல்லதையும் அல்லாததையும் சேர்த்துப் பார்த்து, எது கூடுதலோ அதை வைத்து முடிவெடுக்கச் சொல்கிறது. பத்துக் குறளில் ஒன்றுகூட, அவர் குறையை அவர் வாயாலேயே சொல்லக் கேள் என்று சொல்லவில்லை. தன்னைப் பற்றித் தானே தரும் சாட்சியத்தை நம்பி ஆளெடுப்பது அந்தப் பழைய ஆசிரியருக்குத் தோன்றவே இல்லை. அர்த்தசாஸ்திரமும் அமைச்சர்களை இதே நான்கு வகையில் மறைமுகமாகச் சோதிக்கச் சொல்கிறது. அந்தச் சோதனைகளில் வஞ்சகம் கலந்திருப்பதால் எனக்கு அவை உவப்பில்லை. ஆனால் பேச்சைவிட நடத்தையைப் பார் என்ற புரிதல் அதிலும் இருக்கிறது.

இன்றைய ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன. பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022-இல் பல்லாண்டு ஆய்வுகளைத் திரும்பக் கணக்கிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் முறை என்று வகுத்து நடத்தும் நேர்முகத் தேர்வுக்கும் பின்னாளைய வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42 என்றும், மனம்போன போக்கில் நடத்துவதற்கு 0.19 மட்டுமே என்றும் கண்டார்கள். வேலையைச் செய்யச் சொல்லிப் பார்ப்பதும், முன்பு இப்படி ஒரு சிக்கல் வந்தபோது என்ன செய்தீர்கள் என்று குறிப்பாகக் கேட்பதும், 'உங்கள் பலவீனம் என்ன' என்பதைவிட எவ்வளவோ நேர்மையான வழிகள். இந்தியாவில் மத்திய அரசு, 2015 சுதந்திர தின உரையில் பிரதமர் விடுத்த அழைப்பை அடுத்து, 2016 ஜனவரி முதல் 'சி' பிரிவுப் பணிகளுக்கும் அரசிதழ் பதிவு பெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் நேர்முகத் தேர்வையே எடுத்துவிட்டது. சிபாரிசும் பணமும் நுழையும் வாசலாக அது இருந்ததுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த வாசல் வழியே பொய்யும் நுழைந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

கேள்வியை விடவே முடியாது என்பவர்கள் அதைக் கேட்கும் தகுதியையாவது சம்பாதித்துக்கொள்ள வேண்டும். பௌத்த மரபில் மழைக்கால வாசம் முடியும் நாளில் பவாரணை என்று ஒன்று நடக்கும். மூத்த பிக்குவில் தொடங்கி ஒவ்வொருவரும் சங்கத்தின் முன் உட்கார்ந்து, என்னிடம் ஏதாவது குற்றத்தைக் கண்டிருந்தாலோ கேட்டிருந்தாலோ சந்தேகப்பட்டிருந்தாலோ சொல்லுங்கள் என்று வேண்டிக்கொள்கிறார். சாவத்தியில் அப்படி ஒரு நாள், என் உடலாலோ சொல்லாலோ செய்த எதையாவது நீங்கள் குறை சொல்வீர்களா என்று பிக்குகளிடம் முதலில் கேட்டவர் புத்தரே என்று சங்யுத்த நிகாயத்தில் பதிவாகியிருக்கிறது. மற்றவர்களின் முறை அதற்குப் பிறகுதான் வந்தது. ஆசான் முதலில் தன்னைக் கேள்விக்கு உட்படுத்துகிறார். சீடர் பேசும் துணிவு அங்கே பிறக்கிறது. இதே வரிசையை ஒரு நிறுவனத்தால் கடைப்பிடிக்க முடியாதா? 'எங்கள் குழுவில் சென்ற ஆண்டு நிறையப் பேர் வேலையை விட்டுப் போனார்கள், வேலை நேரம் எங்களிடம் ஒழுங்காக இல்லை, அதைச் சரிசெய்யப் பார்க்கிறோம். இந்த வேலையில் உங்களுக்கு எது கடினமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்டுப் பார்க்கட்டும். எதிரே இருப்பவர் மனப்பாட விடையை எடுக்கமாட்டார், எடுக்க வெட்கப்படுவார்.

கல்லூரிகளில் பயிற்சி தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் விடையைச் சொல்லித்தருவதை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். அந்த வகுப்பு நேரத்தில் ஒவ்வொரு மாணவரும் தன் வேலையில் இன்னொருவரைப் பாதிக்கக்கூடிய ஒரு குறையைக் கண்டுபிடித்து, அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று இரண்டு வாக்கியம் எழுதட்டும். தமிழில் எழுதினாலும் சரி. ஆள் எடுக்க வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் நிறுவனத்தின் குறை ஒன்றை முதலில் சொல்லுங்கள், பிறகு கேளுங்கள். அதற்கு மனம் இல்லையென்றால் அந்தக் கேள்வியை உங்கள் படிவத்திலிருந்து அடித்துவிடுங்கள்.